ஒரு சொட்டு ஒயில்

நான் மோட்டார் பொறியியல் படிப்பித்தவன். முப்பது வருடத்துக்கு மேலாகத் தொழில்நுட்பக் கல்லூரியில் ஒரே கரும்பலகையில் ஒரே படத்தை வரைந்திருக்கிறேன். அடியில் ஒயில் நிற்கும் தட்டு, அதற்குள் இறங்கும் உறிஞ்சு குழாய், குழாயின் வாயில் ஒரு கம்பி வலை, மேலே பம்ப். அந்த வலை அடைபட்டால் எஞ்சினுக்கு என்ன நடக்கும் என்று வருடா வருடம் கேள்வித்தாளில் கேட்டேன். சரியாக எழுதியவர்களுக்குப் பத்துப் புள்ளி கொடுத்தேன். போன வருடம் அதே கேள்வி என் கண்முன்னால் வந்து நின்றபோது, விடை எழுதவேண்டிய இடத்தில் என் நண்பரைத் துரோகி என்று எழுதினேன்.

அந்த நண்பர் குருநகரைச் சேர்ந்தவர். படகு எஞ்சின் திருத்துவது தொழில். நாங்கள் பழகத் தொடங்கியபோது இருவருக்கும் தலைமயிர் கறுப்பு. ஒரு தண்டைக் கடைசல் பிடிக்கவென்று கல்லூரிப் பட்டறைக்கு வந்தார், பிடித்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் ஒரு பெரிய பாரை மீனோடு மானிப்பாயில் என் வீட்டு வாசலில் நின்றார். நான் மரக்கறிக்காரன் என்று சொன்னேன். "அப்ப மாஸ்டர், இதை நான் என்ன திரும்பக் கடல்லையோ விடுறது?" என்று கேட்டார். அன்றைக்குத் தொடங்கியது.

அவருடைய மகள் என்னிடம் படித்தாள். வகுப்பில் ஒரே பெண். இப்போது முப்பதைத் தாண்டிவிட்டாள். விபத்தில் அகப்பட்ட வாகனங்களைப் பார்த்துச் சேதத்தை மதிப்பிடுவது அவளுடைய உத்தியோகம். ஒரு பழைய ஜப்பான் காரை எங்கோ தேடிப்பிடித்து வாங்கி, என் வளவுக் கொட்டகையில் கொண்டுவந்து விட்டாள். தெற்கில் செம்மண் தடத்தில் நடக்கும் பந்தயத்தில் சின்ன எஞ்சின் பிரிவில் ஓடவேண்டும் என்பது அவளுடைய ஆசை.

தகப்பனுக்கு அது பிடிக்கவில்லை. "கடலுக்குப் போறவனுக்கு வேறை வழியில்லை, போறான். உனக்குக் கந்தோர் இருக்கு, கதிரை இருக்கு, மேலை காத்தாடி சுத்துது. நீ ஏன் பிள்ளை சாவைத் துரத்திக்கொண்டு திரியிறாய்? என்ரை கை உந்தக் காரிலை படாது" என்றார்.

ஒரு வருடம் படவில்லை. நானும் அவளுமாகத்தான் வேலை செய்தோம். சனி, ஞாயிறுகளில் அவள் வருவாள். எனக்கு முழங்காலில் வருத்தம். அதனால் காருக்கு அடியில் போவது அவள், வெளியே கதிரையில் இருந்து வாயால் வேலை செய்வது நான்.

ஓட்டிப் பார்ப்பதற்கு வல்லை வெளிக்குக் கொண்டுபோவோம். அங்கேதான் வியாதி தெரிந்தது. நேராக ஓடும்போது ஒயில் அமுக்கம் காட்டும் முள் அசையாமல் நிற்கும். வலப்பக்கம் நீண்ட வட்டமாகத் திருப்பினால் சட்டென்று விழும். வட்டம் முடிந்ததும் எழும்பும். அமுக்கம் இல்லாத ஒவ்வொரு நொடியும் எஞ்சினுக்குள் இரும்பு இரும்போடு உரசுகிறது என்று பொருள்.

முதலில் மீட்டரைச் சந்தேகித்தேன். வேறு மீட்டர் போட்டோம், அதுவும் விழுந்தது. அரை லீற்றர் ஒயில் கூட விட்டோம், நுரைத்துக்கொண்டு வந்தது. பம்பைக் கழற்றி இடைவெளிகளை அளந்தேன். எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி இருந்தது. அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் வால்வின் சுருளையும் மாற்றினோம். ஆறு கிழமை போயிற்று. நான் படித்த அளவுக்கு யோசித்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. அவளிடம் சொல்லவில்லை.

அவள் வீட்டில் சொல்லியிருக்கிறாள். அடுத்த ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்த வெள்ளைச் சேட்டோடு, தகப்பன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். காரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"வளைவிலை மட்டுமோ விழுது?"

"ஓம். வலப்பக்கம் நீட்டுக்குத் திரும்பினால்."

"நேர் ஓட்டத்திலை?"

"அசையாது."

அவர் சிரித்தார். "மாஸ்டர், கடல்லை எஞ்சின் ஒருநாளும் நேரா நிக்கிறேல்லை. சரிஞ்சும் எழும்பியும்தான் ஓடும். வட்டத்திலை உங்கடை ஒயில் முழுக்க ஒரு பக்கம் ஓடிப்போய் ஒதுங்குது. குழாய் காத்தைக் குடிக்குது. இதுக்கு ஏன் இவ்வளவு புத்தகம்?"

சேட்டைக் கழற்றி வேலியில் போட்டார். மகள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். இருவரும் வாய் திறக்கவில்லை. கதைத்தால் அவர் எழும்பிப் போய்விடுவார் என்று பயந்தோம்.

ஒயில் தட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். உள்ளே தகடுகளால் அறைகள் பிரித்து, அறைக்கு அறை சின்னக் கதவுகள் பூட்டிக் கொண்டுவந்தார். குழாய் இருக்கும் நடு அறைக்குள் ஒயில் வரலாம், வெளியே போகமுடியாது. பீப்பாத் தகரத்தில் வெட்டிய கதவுகள். ஒவ்வொன்றையும் விரலால் தள்ளித் தள்ளி மகளுக்குக் காட்டினார். "பார், வருது. பார், போகாது. உன்னைப்போலை இல்லை, சொன்னால் கேக்கும்" என்றார்.

அதைப் பூட்டி வல்லை வெளியில் ஓட்டியபோது முள் கம்பம் மாதிரி நின்றது. அவள் காரை விட்டு இறங்கி வந்து, தகப்பனுக்குக் கேட்காமல் என்னிடம் சொன்னாள்: "சேர், பந்தயம் கிடக்கட்டும். அப்பா வந்திட்டார். எனக்கு அது காணும்."

இந்த வார்த்தையை நான் பிறகு பல தடவை நினைத்திருக்கிறேன். எதை உடைக்கிறேன் என்று தெரியாமல் நான் உடைக்கவில்லை.

புதிதாகப் பூட்டிய தட்டு ஒழுகியது. பெரிய ஒழுக்கல்ல. கீழே விரித்த பேப்பரில் நாளுக்கு ஒரு சொட்டு, சில நாளில் இரண்டு. நண்பர் அதைப் பார்த்துவிட்டு, "போனால் போகட்டும். ஒயில் இருக்கெண்டு காட்டுது. இதிலை கை வைக்காதையுங்கோ, மாஸ்டர்" என்றார்.

என்னால் முடியவில்லை. யுத்தமும் பொருளாதாரத் தடையுமான காலத்தில் இங்கே வாழ்ந்த ஆட்களுக்கு அது புரியும். அப்போது ஒயிலை மருந்துப் போத்தலில் வாங்கினோம். கறுத்த ஒயிலைத் தெளியவிட்டு, பழைய வேட்டித் துண்டில் வடித்து, திரும்பவும் விட்டோம். கலண்டர் மட்டையை வெட்டி இடையில் வைத்து, சவர்க்காரம் பூசி, ஒழுக்கை நிறுத்தினோம். என் மோட்டார் சைக்கிள் அந்த வருடங்கள் முழுவதும் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை என்பது எனக்கு ஒரு பெருமை. இப்போது ஒயில் கடைகளில் அடுக்கி வைத்திருக்கிறது. ஆனாலும் ஒரு சொட்டு நிலத்தில் விழுந்தால் என் நெஞ்சுக்குள் ஏதோ செய்யும். அந்தப் பேப்பரை நான் ஒரு நாளைக்கு நாலைந்து தரம் போய்ப் பார்த்தேன். பந்தயத் தடத்தில் ஒழுகும் காரை ஓடவிடமாட்டார்கள் என்பதையும் எனக்கு நானே காரணமாகச் சொல்லிக்கொண்டேன். நாளுக்கு ஒரு சொட்டை அவர்கள் கண்டிருக்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

கார் லொறியில் ஏற இரண்டு நாள் இருக்கும்போது, புதன்கிழமை, மற்ற இருவரும் இல்லாத நேரம் பார்த்து, முழங்கால் வருத்தத்தோடு அடியில் புகுந்தேன். தட்டை இறக்கினேன். விளிம்பில் நின்ற ஒயிலை அரைகுறையாகத் துடைத்தேன். சிலிக்கன் பசை ஒரு ட்யூப் வாங்கி வைத்திருந்தேன். விளிம்பு முழுவதும் விரல் மொத்தத்துக்குப் பூசி, திரும்பப் பூட்டி, காயவிடாமல் அன்றைக்கே ஒயிலை விட்டேன். நூல் அளவுக்கு மேல் பூசக்கூடாது, கூடினது உள்ளே பிதுங்கும், ஒயில் பட்ட இடத்தில் பிடிக்காது, கழன்று போய் வலையை அடைக்கும். இவ்வளவும் என்னுடைய பாடக்குறிப்பில் இருந்தது. அடுத்த நாள் பேப்பர் வெள்ளையாகக் கிடந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

தெற்கில் தடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் நண்பர் குனிந்து காருக்கு அடியில் பார்த்தார். விரலால் தடவினார்.

"ஒழுக்கு நிண்டிட்டுது" என்றார்.

"தன்பாட்டிலை இறுகியிருக்கும்" என்றேன்.

அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினார்.

ஒத்திகை ஓட்டத்தில் மகள் மூன்றாம் சுற்றோடு திரும்பி வந்தாள். "சேர், முள் விழுது." முகம் வெளுத்திருந்தது.

"வளைவிலையோ?"

"இல்லை. நேர் ஓட்டத்திலை. வேகம் கூடக் கூட மெல்ல மெல்ல இறங்குது. விட்டால் ஏறுது."

வளைவில் சட்டென்று விழுந்தால் ஒயில் ஒதுங்குகிறது, நேரில் வேகத்தோடு மெல்ல இறங்கினால் வலை அடைபடுகிறது. இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன்! அன்றைக்கு அது என் மூளைக்குள் நுழையவில்லை. நுழையவிட்டிருந்தால் அடுத்ததாகப் புதன்கிழமையும் நுழைந்திருக்கும்.

அப்போது என் மனைவி தொலைபேசியில் எடுத்தாள். வந்து சேர்ந்தோமா, சாப்பிட்டோமா என்று கேட்டுவிட்டு, சும்மா பேச்சுக்குச் சொன்னாள்: "இஞ்சாருங்கோ, சொல்ல மறந்துபோனன். நீங்கள் கண் டொக்டரிட்டைப் போன வியாழக்கிழமை பின்னேரம் உங்கடை சிநேகிதர் வந்தவர். கனநேரம் கொட்டிலுக்கை தனிய நிண்டவர். எஞ்சினைத் திறந்துவைச்சு ஒரு போத்தலிலையிருந்து ஏதோ ஊத்தினவர். நான் தேத்தண்ணியோடை போக, போத்தலை மடிக்குள்ளை ஒளிச்சிட்டார்."

ஒயிலுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றினால் ஒயில் தண்ணீராகும், அமுக்கம் இறங்கும். மகள் ஓடக்கூடாது என்று சொன்ன மனிதன். கை படாது என்று சொன்ன மனிதன். பிறகு ஏன் வந்தார்? நாற்பது வருடம் என் வீட்டில் தண்ணீர் குடித்தவர், என் கொட்டகையில், என் முதுகுக்குப் பின்னால். எல்லாம் ஒரே நொடியில் பொருந்திப்போயிற்று. அவ்வளவு சுத்தமாகப் பொருந்தும் விடையைச் சந்தேகிக்கவேண்டும் என்பதும் நான் படிப்பித்ததுதான்.

ஒயிலை வடித்தோம். சட்டியில் விரலை விட்டு மணந்தேன். எனக்கு மண்ணெண்ணெய் மணந்தது. மணக்கவேண்டும் என்றிருந்த மூக்குக்கு மணந்தது. புது ஒயில் விட்டு எஞ்சினை ஓட்டிப் பார்த்தோம். முள் நிமிர்ந்து நின்றது. எஞ்சின் நின்ற நேரத்தில் வலையிலிருந்த பசைத் துண்டுகள் கீழே விழுந்திருக்கின்றன, அவ்வளவுதான். நான் அதைச் சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

மகள் பக்கத்தில் நிற்கும்போதே கேட்டேன். "வியாழக்கிழமை நீர் என்ன ஊத்தினீர்?"

நண்பர் திடுக்கிட்டார். மகளை ஒருதரம் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்தார். "தீர்த்தம், மாஸ்டர்."

"என்ன தீர்த்தம்?"

"கோயில்லை சுவாமியார் மந்திரிச்ச தண்ணி. புதுப் படகு இறக்கேக்கை எஞ்சினுக்குத் தெளிக்கிறனாங்கள். பிள்ளை இவ்வளவு வேகத்திலை ஓடப்போறாள். மேலாலை கொஞ்சம் தெளிச்சனான். நீங்கள் சிரிப்பியள் எண்டுதான் சொல்லேல்லை."

நான் சிரிக்கத்தான் செய்தேன். "தீர்த்தமோ? மண்ணெண்ணெய்த் தீர்த்தமோ? பிள்ளையை ஓடவிடாமல் மறிக்க உமக்கு வேறை வழி கிடைக்கேல்லையோ?"

ஒரு படித்த மனிதன், ஒரு நண்பன், தன் பிள்ளையின் முன்னால் தன்னை இப்படிக் கேட்பான் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. மகள் அவரை நேராகப் பார்த்தாள்.

"அப்பா, உண்மையைச் சொல்லுங்கோ."

"தீர்த்தம், பிள்ளை."

"சேர் பொய் சொல்லமாட்டார்" என்றாள்.

மாலைப் பந்தயத்தில் நாலாம் சுற்றில் கார் நின்றது. எஞ்சினுக்குள் சுத்தியலால் அடிப்பதுபோல ஒரு சத்தம், பிறகு புகை, பிறகு ஒன்றுமில்லை. அவள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு செம்மண்ணில் நடந்து வந்தாள். தகப்பன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். அவள் வாங்காமல் அவரைக் கடந்து போனாள். அவர் அந்தப் போத்தலைப் பிடித்தபடியே நின்றார். லொறியில் எங்களோடு வரவில்லை. பஸ் எடுத்துத் தனியே போனார். அடுத்த மாதம் மகள் வீட்டை விட்டு நல்லூரில் ஒரு அறை எடுத்துக்கொண்டாள்.

மூன்று கிழமை நான் ஏமாற்றப்பட்டவனாக வாழ்ந்தேன். அந்த நாட்களில் எனக்குப் பசி இல்லை. நாற்பது வருடத்தில் அவர் சொன்ன எல்லாவற்றையும் திருப்பிப் பார்த்து, எதில் பொய் இருந்தது என்று தேடினேன். பாரை மீனில்கூடச் சூழ்ச்சி தெரிந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதில் ஒரு ருசியும் இருந்தது. துரோகம் செய்யப்பட்டவனுக்கு எல்லோரும் கதிரை எடுத்துப் போடுகிறார்கள்.

பிறகு எஞ்சினைக் காரிலிருந்து இறக்கித் திறந்தேன். தட்டை இறக்கிக் கவிழ்த்தபோது, அவர் செய்த சின்னக் கதவுகள் அப்படியே இருந்தன. தள்ளினேன், வந்தது, போகவில்லை. குழாயின் வலையில் சாம்பல் நிறத்தில் புழுக்கள் மாதிரி பசைத் துண்டுகள் ஒட்டிக்கிடந்தன. ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டினேன். றப்பர் மாதிரி நசுங்கியது. யார் பூசியது என்று ஆராய ஒன்றுமில்லை. அந்தக் கொட்டகையில் சிலிக்கன் பசை வாங்கியவன் ஒருவன்தான்.

அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒரு வெறும் பால்மா ரின்னில் போட்டேன். மகள் தொலைபேசியில் கேட்டபோது, "பெயரிங் போயிட்டுது, பிள்ளை" என்றேன். அது பொய்யில்லை. அதுதான் அதிலுள்ள கேவலம்.

ஏழு மாதம் அந்த ரின் அலுமாரியின் மேல் தட்டில் இருந்தது.

சென்ற தை மாதம் மகள் வந்தாள். கலியாணம் பேசி முடிந்துவிட்டது என்றாள். சந்தோஷமாக இருந்தேன். பிறகு சொன்னாள்: "கலியாண எழுத்துக்கு, பதிவுக்காரருக்கு முன்னாலை, நீங்கள் வந்து சாட்சிக் கையெழுத்து வைக்கவேணும், சேர். அப்பாவை நான் கேக்கமாட்டன். தகப்பன்ரை இடத்திலை நீங்கள்தான்."

தேத்தண்ணிக் கோப்பையை அவளிடம் நீட்டினேன். வைக்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவள் போனதும் அந்த ரின்னை ஒரு சீலைப் பையில் போட்டு, பஸ் ஏறிக் குருநகருக்குப் போனேன்.

நண்பர் கரையில் ஒரு படகு எஞ்சினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். என்னைக் கண்டும் எழும்பவில்லை. ரின்னை அவர் முன்னால் வைத்தேன். புதன்கிழமையில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு துண்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டார்.

"எனக்குத் தெரியும், மாஸ்டர்."

"எப்படி?"

"அண்டைக்கு அடியிலை தடவேக்கையே தெரியும். காய்ஞ்சு கிடந்தது. விளிம்பிலை பசை பிதுங்கி நிண்டது. தன்பாட்டிலை இறுகினது எண்டு சொன்னியள். சரி, வெக்கப்படுறார், பிறகு தானாச் சொல்லுவார் எண்டு விட்டனான்."

"அப்ப நான் உம்மைக் கேக்கேக்கை நீர் ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் அவள் நம்புவளோ? அவளுக்கு நீங்கள் வாத்தியார். நான் கை படாது எண்டு சொன்ன தகப்பன்." கையிலிருந்த திருகு சாவியால் எஞ்சினை இரண்டு தரம் தட்டினார். "நான் பாத்துக்கொண்டு நிண்டது உங்கடை வாயைத்தான். இப்ப வரும், இப்ப வரும் எண்டு."

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

"பிள்ளையிட்டைச் சொல்லிட்டியளோ?" என்று கேட்டார்.

"இல்லை."

"அப்ப என்னட்டை ஏன் வந்தனீங்கள்? எனக்குத் தெரிஞ்சதை எனக்குச் சொல்லவோ?"

அங்கிருந்து நேரே நல்லூருக்குப் போனேன். அவள் அறைக்கு வெளியே நின்றபடியே சொன்னேன். அவள் ரின்னுக்குள் பார்த்தாள். சேதம் மதிப்பிடும் கண்கள். எந்தத் துண்டு எங்கேயிருந்து வந்தது, எவ்வளவு நாள் ஒயிலில் கிடந்தது என்று நான் சொல்லாமலே அவளுக்கு விளங்கியது.

"எப்ப கண்டனீங்கள்?"

"பந்தயம் முடிஞ்சு மூண்டு கிழமையிலை."

"மூண்டு கிழமை" என்று திருப்பிச் சொன்னாள். அழவில்லை. "பசை பூசினது பிழைதான், சேர். அது எவருக்கும் நடக்கும். இந்த ஏழு மாதமும் நான் அப்பாவோடை கதைக்கேல்லை. நீங்கள் அதைப் பாத்துக்கொண்டு எனக்குத் தேத்தண்ணி தந்தனீங்கள்."

கதவு சாத்தப்பட்டது. சத்தமில்லாமல்தான் சாத்தினாள். எழுத்துக்கு நான் போகவில்லை, அழைப்பும் வரவில்லை. தகப்பன் கையெழுத்து வைத்தார் என்று என் மனைவி கேள்விப்பட்டு வந்து சொன்னாள்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு காலை, தகப்பனும் மகளும் ஒரு லொறியோடு காரை எடுக்க வந்தார்கள். குருநகரில் வைத்து எஞ்சினைத் திரும்பக் கட்டப்போகிறார்களாம். மகள் வீட்டுக்குள் வரவில்லை. கொட்டகைக்கு நேரே போய் ஸ்ரியரிங்கில் இருந்தாள். நண்பர் என் மனைவி கொடுத்த தேத்தண்ணியை நின்றபடி குடித்தார். குடித்துவிட்டு, "மிச்சப் பசை எங்கை, மாஸ்டர்?" என்றார். அரைவாசி இருந்த ட்யூப்பைக் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிச் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

கழற்றிக் கிடந்த எஞ்சினை லொறியில் ஏற்றி, காருக்குக் கயிறு கட்டி முடிந்ததும், அவர் மடியிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தார். பழைய சோடாப் போத்தல். முன்மூடியைத் திறந்து, எஞ்சின் இருந்த வெற்றிடத்துக்குள் தெளித்தார். பிறகு மகளுடைய தலையில் ஒரு துளி. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் என்னிடம் வந்து போத்தலை நீட்டினார்.

"மணந்து பாருங்கோ, மாஸ்டர்."

மகள் காருக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போத்தலை வாங்கி மூக்கடியில் பிடித்தேன். ஒரு மணமும் இல்லை. வெறும் தண்ணீர்.

"தண்ணி" என்றேன், அவளுக்குக் கேட்கும்படியாக.

அவர் போத்தலை என் கையிலிருந்து எடுத்து மூடினார். சைக்கிள் போகும் அளவு வேகத்தில் லொறி காரை இழுத்துக்கொண்டு போயிற்று. கொட்டகையில் கார் நின்ற இடத்தில் பேப்பர் இன்னும் விரித்துக் கிடக்கிறது. அதில் ஒரு சொட்டும் இல்லை.